இருதயத்துக்குள் ஒரு வரைபடம்: தாறுமாறான துடிப்பின் ஊற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?



"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "திடீர்னு கண்ணு இருட்டிக்கிட்டு வந்திச்சு" என்று நம் வீடுகளில் யாராவது சொன்னால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? "ஒண்ணுமில்லே, வாயுவா இருக்கும், ஒரு சோடா குடி" என்போம். பெண்பிள்ளையாக இருந்தால் "பயந்திருக்கா" என்று மந்திரித்துக் கயிறு கட்டுவோம். பல நேரங்களில் அது உண்மையிலேயே பெரிய விஷயமில்லைதான். ஆனால் சில நேரங்களில் அது இருதயத்தின் மின்சாரத்தில் ஏற்பட்ட கோளாறு. அந்தக் கோளாறு எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று தேடிப் பிடித்து, பல வகைகளை அடியோடு போக்கிவிடும் சிகிச்சை இன்று நம் கோலாலம்பூரிலேயே நடக்கிறது. அதைப் பற்றி இந்த மாதம் பாடமாகப் படிப்போம்.

இரண்டு பேரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முப்பது வயதுத் தாய். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, எதிர்பாராத நேரத்தில், சுவிட்சு போட்டது போல நெஞ்சு வேகமாக அடிக்க ஆரம்பிக்கும். அரை மணி நேரம் கழித்து அதே போல் சட்டென்று நின்றுவிடும். கிளினிக் போய்ச் சேருவதற்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. இ.சி.ஜி. எடுத்தால் சுத்தமாக இருக்கிறது. "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மற்றவர் கேரித் தீவில் செம்பனைக் குலை வெட்டும் ஐம்பத்தைந்து வயதுக்காரர். இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் உண்டு. அவருடைய நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. அவருக்கே அது தெரியாது. இந்த இருவருக்கும் கோளாறு வேறு, ஆபத்து வேறு. பாடத்தின் முடிவில் இவர்களிடம் திரும்பி வருவோம்.

பெரட்டு மணியும் இருதயமும்

இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சிறு மின்சார அலை அதற்குள் ஓடுகிறது. அந்த அலை எங்கே தொடங்குகிறது?

பழைய தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஓர் இடத்தில் மணி அடிக்கும். அதைக் கேட்டு எல்லா லயங்களிலும் ஆள் எழுந்து பெரட்டுக்கு வருவார்கள். இருதயத்தின் வலது மேலறையில் அப்படி ஒரு மணிக்காரர் இருக்கிறார். நெல்மணி போன்ற சிறு திசுக் கற்றை அது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அவர் மணியடிப்பார். அலை இரண்டு மேலறைகளிலும் பரவும். மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்சாரம் போகாத ஒரு வேலி இருக்கிறது. அதில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவில் ஒரு காவலர் நின்று அலையை விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிறுத்தி வைத்து, பிறகு கீழே விடுவார். ஏன் இந்தத் தாமதம்? மேலறை ரத்தம் முழுவதும் கீழறைக்கு இறங்க அவகாசம் வேண்டும் அல்லவா? கதவைத் தாண்டியதும் பெரிய சாலை போல ஒரு தசையிழை. அதிலிருந்து ஒற்றையடிப் பாதைகளாகக் கிளைகள். கண்மூடித் திறப்பதற்குள் கீழறைகள் இரண்டும் ஒன்றாகச் சுருங்கி, உடம்பெல்லாம் ரத்தத்தை அனுப்புகின்றன.

1906-இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா இந்தக் கதவைக் கண்டுபிடித்து எழுதினார். 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் மணிக்காரரைக் கண்டுபிடித்தார்கள்.

கோளாறு எத்தனை வகை?

முக்கியமாக மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வகை: கள்ள மணி. பெரட்டு மணிக்காரர் இருக்கும்போதே, வேறு ஒரு மூலையில் ஒருவன் தன் இஷ்டத்துக்கு மணியடிக்கிறான். அவன் வேகமாக அடித்தால் இருதயம் அவன் சொல்படி ஆடுகிறது.

இரண்டாம் வகை: சுற்றுப் பாதை. சிலருக்குப் பிறக்கும்போதே வேலியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அலை கதவு வழியாகக் கீழே இறங்கி, ஓட்டை வழியாக மேலே ஏறி, மறுபடியும் கதவு வழியாக இறங்கி, செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 150, 200 என்று துடிப்பு எகிறும். சிலருக்குக் கதவுக்குப் பக்கத்திலேயே இரட்டைப் பாதை இருந்து இதே சுற்று நடக்கும். நாம் சொன்ன முப்பது வயதுத் தாய்க்கு இருப்பது இந்த ரகம்தான். மாரடைப்பு வந்து ஆறிய தழும்பைச் சுற்றியும் அலை சுற்றலாம். கீழறையில் அப்படிச் சுற்றுவது உயிருக்கே ஆபத்து.

மூன்றாம் வகை: மேலறை நடுக்கம். ஒருவர் சொல்லை ஒருவர் கேட்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டால் எப்படி இருக்கும்? மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. கீழறை ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. மேலறையில் தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. குலை வெட்டும் நம் தோழருக்கு இருப்பது இதுதான்.

உப்புத் தண்ணீர் வாளியிலிருந்து கதீட்டர் வரை

இருதயத்தின் மின்சாரத்தை உடம்புக்கு வெளியே இருந்தே பிடிக்கலாம் என்று 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் காட்டினார். தன் வளர்ப்பு நாய் ஜிம்மியின் கால்களை உப்புத் தண்ணீரில் நிற்கவைத்தும் அவர் இதைச் செய்து காட்டினார். பிறகு ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் துல்லியமான கருவியைச் செய்தார். அதன் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அதைத் தூக்கிப் போக முடியாததால், ஒன்றரை கிலோமீட்டர் தூரத்திலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் துடிப்பைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று கிளினிக்கில் நெஞ்சிலும் கைகாலிலும் ஒட்டி ஐந்து நிமிடத்தில் எடுக்கும் இ.சி.ஜி. அந்தக் கருவியின் பேரப்பிள்ளை.

ஆனால் இ.சி.ஜி. என்பது வீட்டுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் சண்டையைக் கேட்பது போல. எந்த அறையில் சத்தம் என்று ஓரளவு சொல்லலாம். எந்த மூலை என்று சொல்ல முடியாது. அதற்கு உள்ளே போக வேண்டும்.

1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மீனவருக்கு நெஞ்சைத் திறந்து, இருதயத்தின் மேல் மின்சாரத்தை அளந்து, வேலியின் ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்து டாக்டர் வில் சீலி வெட்டிவிட்டார். 1969-இல் பெஞ்சமின் ஷெர்லாக், நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கதவுக்கு அடுத்த பெரிய சாலையின் மின்சாரத்தைப் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். 1980-களின் தொடக்கத்தில் அதே கதீட்டர் வழியாகச் சிகிச்சையும் செய்யத் தொடங்கினார்கள்.

வரைபடம் போடுவது எப்படி?

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. பொறுமையாகப் படியுங்கள்.

ராத்திரி நேரம் தோட்டத்தில் யாரோ ஒரு வெடி போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆள் தெரியவில்லை. நாலு மூலையிலும் கடிகாரத்தோடு நாலு பேரை நிறுத்துகிறோம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு மூன்று விநாடி கழித்துத்தான் சத்தம் கேட்கும். ஆகவே யாருக்கு முதலில் கேட்டதோ, வெடி அவருக்குப் பக்கத்தில். அந்தப் பக்கமாக இன்னும் நெருக்கமாக ஆள் நிறுத்தினால் இடம் பிடிபடும்.

இருதயத்திலும் இதே கணக்குத்தான். மேலறையில் அலை விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தாண்ட விநாடியில் நூறில் ஒரு பங்கு. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள கதீட்டர்களை இருதயத்துக்குள் கொண்டுபோகிறார்கள். அதன் நுனியில் உலோக வளையங்கள் இருக்கின்றன. அவைதான் கடிகாரத்தோடு நிற்கும் ஆட்கள். கதீட்டர் ஒவ்வொரு இடமாகத் தொட்டு "இங்கே அலை எத்தனை மணிக்கு வந்தது?" என்று குறித்துக்கொள்கிறது.

முன்பு இதை எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டு, டாக்டர் தன் மனக்கணக்கில் செய்தார். 1990-களின் நடுவில், படுக்கைக்குக் கீழே மெல்லிய காந்தப் புலத்தை வைத்து, கதீட்டர் நுனி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரே கணக்கிடும் கருவி வந்தது. நுனி தொட்ட ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்து, அந்த நோயாளியின் இருதய அறையையே திரையில் முப்பரிமாணமாக அது வரைந்துவிடுகிறது. வழக்கமாக, அலை முதலில் வந்த இடம் சிவப்பு. கடைசியில் வந்த இடம் ஊதா. கள்ள மணி என்றால், சிவப்பின் நடுவில் அவன் உட்கார்ந்திருப்பான்.

சுற்றுப் பாதையாக இருந்தால்? வட்டத்துக்குத் தலை ஏது, வால் ஏது? அங்கே "முதல் இடம்" என்று ஒன்று கிடையாது. திரையில் சிவப்பும் ஊதாவும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தே இது சுற்று என்று சொல்லிவிடுவார்கள். அப்போது தேடுவது ஊற்றை அல்ல, சுற்று கடந்தே தீர வேண்டிய குறுகலான இடத்தை. கித்துல பாலம் ஒன்றுதான் என்றால், பாலத்தை எடுத்துவிட்டால் லாரி சுற்ற முடியாது அல்லவா?

மாரடைப்புத் தழும்பைத் தேட இன்னொரு வரைபடம் உண்டு. அதில் நேரத்தை அளப்பதில்லை. மின்சாரத்தின் பலத்தை அளக்கிறார்கள். கீழறையில் ஆரோக்கியமான தசை ஒன்றரை மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டும். அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைந்தால் அது செத்த தழும்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓரங்களில்தான் ஆபத்தான ஒற்றையடிப் பாதைகள் ஒளிந்திருக்கும்.

மேலறை நடுக்கத்தின் ரகசியம் 1998-இல் வெளிவந்தது. பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரில் மிஷெல் ஐசகேர் குழுவினர் 45 நோயாளிகளின் இருதயத்துக்குள் தேடினார்கள். நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் 69 கள்ள மணிகள் அகப்பட்டன. அவற்றில் 65, அதாவது நூற்றுக்கு 94, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களுக்குள் இருந்தன. அதற்குப் பிறகு அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றி வளையமாகத் தடுப்பு போடுவது உலகெங்கும் சிகிச்சையின் அடிப்படை ஆகிவிட்டது.

"சுடுவாங்களாமே?"

ஆமாம், சுடுவார்கள். ஆனால் நீங்கள் பயப்படுவது போல் அல்ல. இடம் பிடிபட்டதும் கதீட்டர் நுனி வழியாக ரேடியோ அலைச் சக்தியைச் செலுத்துகிறார்கள். அந்தச் சிறு இடம் 50 டிகிரிக்கு மேல் சூடாகி, மின்சாரம் கடத்தும் தன்மையை இழந்துவிடுகிறது. சில மில்லிமீட்டர் அகலம்தான். காட்டுத்தீ பரவாமல் இருக்க நடுவில் புல்லைச் சுரண்டி வெற்று நிலமாக விடுவோமே, அது போல. சில நோய்களுக்குச் சூட்டுக்குப் பதிலாகக் குளிரால் உறையவைப்பார்கள். அண்மைய ஆண்டுகளில் நொடிப்பொழுது மின்துடிப்பால் செய்யும் முறையும் வந்திருக்கிறது.

நெஞ்சைப் பிளப்பதில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, தூக்கத்துக்கு மருந்து. நோயை நேரில் பிடிக்க வேண்டுமே, அதற்காக டாக்டரே வேண்டுமென்று படபடப்பைக் கிளப்பிவிடுவார், அப்போது பயப்படாதீர்கள். முடிந்தபின் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குக் கனமான பொருளைத் தூக்கக்கூடாது. குலை தூக்குவதும் பால்வாளி சுமப்பதும் அதில் அடக்கம்.

பலன் எப்படி? சுற்றுப் பாதைப் படபடப்புக்கு நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு ஒரே தடவையில் குணமாகிறார்கள். ஆயுள் முழுதும் மாத்திரை தேவையில்லை. மேலறை நடுக்கத்துக்கு அவ்வளவு நிச்சயமில்லை. சிலருக்கு இரண்டாம் தடவை செய்ய வேண்டிவரும். ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ரத்தக்குழாய் போட்ட இடத்தில் வீக்கம் வரலாம். அபூர்வமாக, நூற்றில் ஒருவர் அளவுக்கு, இருதயத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம், அல்லது கதவே கெட்டுப்போய்ப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம். கையெழுத்துப் போடுமுன் இதையெல்லாம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எங்கே போவது?

ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகம், அதாவது ஐ.ஜே.என்., 1992 முதல் இயங்கி வருகிறது. இருதய மின்சாரத்துக்கென்றே அங்கே தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் நேரே அங்கே ஓட வேண்டியதில்லை. முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு, கிள்ளான் வட்டாரத்தார் என்றால் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு, கடிதம் கேளுங்கள். அங்குள்ள டாக்டர்கள் தேவையைப் பார்த்து மேலே அனுப்புவார்கள். செலவு கவலையாக இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் வாய் திறந்து கேளுங்கள். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரல் வந்து இறங்கினால், அங்கிருந்து நகரின் எந்தப் பக்கமும் போகலாம். தனியாக வராதீர்கள், மலாயோ ஆங்கிலமோ நன்றாகப் பேசும் பிள்ளை ஒன்றைக் கூட்டி வாருங்கள்.

"சம்பளம் போயிடுமே" என்று பலர் தயங்குகிறீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குக் குறைந்தவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடத்துக்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. எம்.சி.யைப் பத்திரமாக வாங்கி வையுங்கள். மறுத்தால் சங்கத்தில் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

நாடி பார்க்கப் பழகுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது 100-க்கு மேல் நின்றாலும், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், இனிப்புநீர், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

படபடப்பு இருக்கும்போதே இ.சி.ஜி. எடுக்கப் பாருங்கள். இதுதான் பெரிய சாட்சி. கள்ளன் ஓடிய பிறகு போலீசைக் கூப்பிட்டு என்ன பயன்? எடுத்த காகிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். அகப்படவில்லை என்றால், 24 மணி நேரம் உடம்போடு கட்டிப் பதிவு செய்யும் கருவியைப் பற்றிக் கேளுங்கள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, சட்டென்று நின்றதா, மெல்ல அடங்கியதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

திடீர்ப் படபடப்பு வந்தால் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் மூடி, மலம் கழிக்க முக்குவது போல 15 விநாடி முக்குங்கள். உடனே மல்லாந்து படுத்து, இன்னொருவர் இரண்டு காலையும் தூக்கிப் பிடிக்கட்டும். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்குத் துடிப்பு சரியானது. காலைத் தூக்காமல் முக்கியவர்களில் 17 பேருக்குத்தான். கழுத்தை அமுக்காதீர்கள்.

இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது: படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், வேலை செய்யும்போதே நினைவிழந்து விழுவது, வாய் கோணுவது, ஒரு பக்கம் கைகால் இழுப்பது. உடனே 999. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மயங்குவதும் உண்டுதான். ஆனால் குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், மயக்கத்தை வெயில் என்று தள்ளிவிடாதீர்கள். டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டு நாள் விடுமுறையில் சம்சு, பீர் என்று மிதமிஞ்சிக் குடித்தால் நல்ல இருதயமும் மேலறை நடுக்கத்தில் விழும். ரத்தம் உறையாத மாத்திரையை "நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகிச்சை முடிந்த பிறகும் டாக்டர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும்.

இனி நம் இருவரிடம் திரும்புவோம். அந்தத் தாய்க்குத் தேவை படபடப்பு நேரத்தில் எடுத்த ஒரே ஒரு இ.சி.ஜி. காகிதம். அது கையில் இருந்தால் "நரம்புத் தளர்ச்சி" என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. வரைபடம் போட்டு, சுற்றுப் பாதையை அறுத்து, பெரும்பாலும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். குலை வெட்டும் தோழருக்குத் தேவை ஒரு நிமிட நாடிப் பரிசோதனை. அவருக்கு வரைபடமும் சூடும் பிறகு; முதலில் ரத்தக்கட்டி மூளைக்குப் போகாமல் தடுக்கும் மாத்திரை. அந்த ஒரு நிமிடம் பார்க்காமல் போனால், ஒரு நாள் காலையில் அவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாமல், வலது கை செயலற்று, பேச்சும் குழறிக் கிடக்கலாம். பிறகு எத்தனை பெரிய நிபுணர் வந்தாலும் போன கை முழுதாகத் திரும்புவது கஷ்டம்.

இன்று பல தோட்டங்களில் பழைய டிரெசரும் இல்லை, தோட்ட ஆஸ்பத்திரியும் இல்லை. ஆகவே நமக்கு நாமே டிரெசர். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, வீட்டில் பெரியவர்களின் கையைப் பிடித்து நாடி பாருங்கள். ஒரு நிமிடம்தான்.